தோட்டச் சம்பளமும் தசமபாகமும்

சம்பளம் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு, மலையகத்துச் சபைகள் பலவற்றில் பிரசங்கம் வேதாகமத்தின் மல்கியா மூன்றாம் அதிகாரத்துக்குப் போய்விடும். பத்தில் ஒன்றைக் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், அவன் வீட்டில் நோயும் தீராது, கடனும் தீராது என்பார்கள். கடைக் கணக்குக்கு வைத்திருந்த காசைக் கவரில் போட்டுவிட்டு வெறுங்கையோடு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய கிறிஸ்தவன் தன் சபைக்குத் தசமபாகம் செலுத்தக் கடமைப்பட்டவனா என்று கேட்டால், என் பதில் இது: பத்து வீதம் என்ற கணக்குக்குக் கடமைப்பட்டவன் அல்ல, கொடுப்பதற்குக் கடமைப்பட்டவன். இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் பயமுறுத்தலும் மறுபக்கம் கைவிரிப்பும் நடக்கின்றன.

மோசேயின் சட்டம் என்ன கேட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். லேவியராகமம் 27:30–33இல் தசமபாகம் நிலத்தின் தானியத்துக்கும் மரத்தின் கனிக்கும் ஆடுமாட்டுக்கும் உரியது. விளைச்சலை வைத்துக்கொண்டு காசாகக் கொடுக்க நினைத்தால், அதன் பெறுமதியோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். மந்தையைக் கோலின்கீழ் நடக்கவிட்டு எண்ணி, பத்தாவதாக வருவது கொழுத்ததோ இளைத்ததோ, அதை ஒதுக்க வேண்டும். ஒன்பது கன்று மட்டும் உள்ளவனிடம் பத்தாவது கன்றே இல்லை. எண்ணாகமம் 18 இந்தப் பங்கை, தேவ பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரமான லேவியருக்குக் கொடுக்கிறது. மற்றக் கோத்திரங்களுக்குக் கிடைத்த காணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம். லேவியரும் வாங்கியதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும்.

உபாகமம் 14:22–29இல் வேறொரு பத்தில் ஒன்று வருகிறது. அதைக் குடும்பத்தோடு பரிசுத்த ஸ்தலத்துக்குக் கொண்டுபோய், கொடுத்தவர்களே அங்கே சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். தூரம் அதிகமென்றால் விற்றுக் காசாக்கிப் போய், விரும்பியதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வருடத்தில் மட்டும் அதை ஊர்வாசலில் வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிடக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியாகக் கொண்ட யூத மரபுப்படி 100 மூடை விளைந்தால் முதல் 10 லேவியருக்கு, மிச்சம் 90இல் 9 இரண்டாவதற்கு, ஆக 19. ஏழாம் வருடம் நிலம் தரிசாகக் கிடக்கும். விதைப்பு அறுப்பு இல்லாததால் பங்கும் இல்லை. ஆகவே மாதாமாதம் கூலியில் பத்து வீதத்தைப் போதகரிடம் கொடுப்பது பழைய சட்டத்தைக் கைக்கொள்வதும் ஆகாது. அது பிற்காலத்தில் அதிலிருந்து வெட்டித் தைத்துக்கொண்ட ஒழுங்கு.

நாட்கூலியின்மேல் தசமபாகம் விதிக்கும் வசனம் அந்தச் சட்டத்தில் இல்லை. கூலிக்காரனைப் பற்றி இருப்பது உபாகமம் 24:14–15. பொழுது இறங்குமுன் அவன் கூலியைக் கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது. சொந்தக் காணி இல்லாமல் லயத்தில் நாட்சம்பளத்தில் வாழும் ஒருவரை மோசேயின் சட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் நிற்பது கொடுக்கும் வரிசையில் அல்ல, மூன்றாம் வருடம் வாங்கும் வரிசையில்.

மல்கியாவுக்கு வருவோம். 3:8–10இல் வரும் பண்டசாலை எருசலேம் ஆலயத்தின் களஞ்சிய அறை. நெகேமியா 13:10–13 அந்தக் காலத்து நிலைமையை விளக்குகிறது: பங்கு வராததால் லேவியர் ஆலயப் பணியை விட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா அவர்களைத் திரும்பக் கூட்டிவந்து, தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் பண்டசாலைக்கு வரச் செய்து, கணக்குப் பார்க்க உண்மையுள்ளவர்களை நியமித்தார். இன்றைய சபைக் கட்டடம் அந்தப் பண்டசாலை ஆகாது. இன்னொன்று எனக்கு எப்போதும் உறுத்துவது. பிரசங்கம் எட்டாம் வசனத்தில் தொடங்குகிறதே, மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது? கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகச் சாட்சியாயிருப்பேன் என்று இருக்கிறது. தோட்டத்துச் சபையில் மல்கியாவைத் திறந்துவிட்டு அந்த வசனத்தைத் தாண்டிப் போக எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை. ஒன்பதாம் வசனத்தில் வரும் சாபத்தைப் பொறுத்தவரை, கலாத்தியர் 3:13 கிறிஸ்து நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) சாபத்துக்கு நம்மை நீங்கலாக்கினார் என்கிறது. அதை நம்புகிற சபை, கவர் போடாதவன் வீட்டின்மேல் அதே சாபத்தை இறக்க முடியாது.

ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தானே என்பது அடுத்த வாதம். ஆதியாகமம் 14இல் அவன் சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது போரில் கிடைத்த கொள்ளைப் பொருளில்; அப்படிக் கொடுத்ததாக ஒரு தடவைதான் எழுதியிருக்கிறது. மிச்சத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், நூலும் பாதரட்சையின் வாரும் வேண்டாம் என்று சோதோமின் ராஜாவுக்கு விட்டுவிட்டான். நியாயப்பிரமாணத்துக்கு முந்தியதெல்லாம் நமக்குக் கட்டளை என்றால், ஆதியாகமம் 17இன் விருத்தசேதனமும் கட்டளையாகும். அதை யூதரல்லாத புறஜாதியார்மேல் சுமத்தக் கூடாது என்றுதானே அப்போஸ்தலர் 15இல் கூடிப் பேசித் தீர்த்தார்கள்? அங்கே புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதி அனுப்பியவை விலக வேண்டிய நான்கு காரியங்கள். தசமபாகம் அதில் இல்லை.

ஒற்தலாம், வெந்தயம், சீரகம் பற்றிய மத்தேயு 23:23ஐயும் காட்டுவார்கள். இயேசுவே "விடாதிருக்கவேண்டும்" என்று சொன்னாரே என்பார்கள். சொன்னார், ஆலயம் நின்ற காலத்தில், பரிசேயரிடம். அதே இயேசு சுகமான குஷ்டரோகியிடம் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொன்னார் (மத்தேயு 8:4). அது லேவியராகமம் 14இன்படி இரண்டு குருவிகளில் தொடங்குகிறது. சுகமானவரிடம் எந்தப் போதகரும் குருவி கேட்பதில்லை. எபிரெயர் 7 தசமபாகத்தைப் பேசுவது மெல்கிசேதேக்கு லேவியைவிடப் பெரியவன் என்று காட்டுவதற்காக. அதே அதிகாரம் 12ஆம் வசனத்தில், ஆசாரியத்துவம் மாறினால் நியாயப்பிரமாணமும் மாற வேண்டும் என்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு 1 கொரிந்தியர் 9:14 இருக்கிறது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு உண்டாக வேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை என்று பவுல் எழுதுகிறார். கலாத்தியர் 6:6 போதிக்கப்படுகிறவன் போதிக்கிறவனுக்குச் சகல நன்மைகளிலும் பங்கு கொடுக்கச் சொல்கிறது. அளவைப் பற்றிப் புதிய ஏற்பாடு தரும் விதிகள் மூன்று. வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2, அது எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்கான சேகரிப்பு). இல்லாததின்படியல்ல, உள்ளதின்படி (2 கொரிந்தியர் 8:12). விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல (9:7). சதவீதம் எங்கேயும் இல்லை.

சபைகளுக்குள் ஒரே நடைமுறை கிடையாது. கத்தோலிக்கரின் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 222ஆம் இலக்கத்தில், திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்கிறது, வீதம் குறிப்பிடவில்லை. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் சந்தாவிலும் காணிக்கையிலும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் ஓடுகின்றன. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் பத்தில் ஒன்றைப் போதிக்கின்றன. அட்வென்டிஸ்ட் சபையில் தசமபாகம் உள்ளூரில் தங்காமல் மேல்நிலை நிர்வாகத்துக்குப் போய் அங்கிருந்து ஊழியர் சம்பளமாக வரும். கட்டடச் செலவு வேறு காணிக்கையில். பத்தில் ஒன்றைக் கட்டாயமாக்கியது பின்னாளைய ஐரோப்பா: 585இல் பிரான்சின் மாக்கோனில் கூடிய ஆயர் சங்கம், 779இல் பிராங்கிய மன்னன் சார்லிமேனின் அரசாணை. நம் மலைநாட்டுக்கும் அந்தப் பின்னம் புதிதல்ல. 1818ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் பிரித்தானியர் கண்டிப் பகுதி நெல்லுக்குப் போட்ட வரி பத்தில் ஒன்று, விசுவாசமாயிருந்த பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்று. 1880களில் அந்த நெல்வரியைக் கட்ட முடியாமல் வலப்பனையில் விவசாயிகள் வயலை இழந்தார்கள். 1892இல்தான் அது நீக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே பங்கு என்பது நியாயமாகத் தெரிந்தாலும், அரைவயிறோடு இருக்கிறவனிடம் அது வெட்டுகிற ஆழம் வேறு.

இனி நம் கணக்கு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயை வைத்துப் பார்ப்போம். பிந்திய கூட்டல்களை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். மாதத்தில் 22 பேர் (அதாவது 22 நாள் வேலை) விழுந்தால் 29,700. ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎப்புக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம் 2,376 போனால் 27,324. அதற்குப் பிறகு பண்டிகை அட்வான்ஸ், சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில் காசு என்று கழிவுகள். 29,700க்குப் பத்தில் ஒன்று 2,970. ஈபிஎப் போன பிறகு 2,732. கைக்கு வந்தது 20,000 என்றால் 2,000. மூன்றுமே 'பத்தில் ஒன்று'தான். எது சரி என்று காட்ட வசனம் கிடையாது. என் யோசனை, ஈபிஎப் கழித்து வரும் தொகையை வருமானமாக எடுப்பது. சங்கச் சந்தாவும் தேயிலையும் செலவு, அவற்றைக் கழிக்கத் தேவையில்லை.

அட்வான்சில்தான் அதிகம் பேர் இரண்டு தடவை கொடுக்கிறார்கள். நத்தாருக்கு 20,000 அட்வான்ஸ் வாங்கியதும், பண்டிகை உற்சாகத்தில் அதில் 2,000 கவரில் போகிறது. பிறகு மாதம் 2,000 வீதம் பத்து மாதம் பிடிக்கும்போது, அதையும் உள்ளடக்கிய முழுச் சம்பளத்தில் மறுபடியும் பத்தில் ஒன்று. அட்வான்ஸ் வரப்போகும் சம்பளத்தின்மேல் வாங்கிய கடன். அதற்குக் கொடுக்காதீர்கள், உழைத்த மாதத்தில் கொடுத்தால் போதும். நகை அடகு வைத்த காசு, நுண்கடன் கம்பனியில் எடுத்த காசு எல்லாம் இந்த வகைதான். கடனாக வந்த காசில் 'முதற்பலன்' கேட்கிற ஊழியருக்கு வட்டி யார் கட்டுவது என்று கேட்பதில் தவறில்லை. சீட்டும் அப்படியே. பத்துப் பேர் மாதம் 2,000 போடும் சீட்டில் உங்கள் முறைக்கு வரும் 20,000 உங்கள் காசே திரும்பி வருவது, அல்லது மற்றவர்களின் காசு முந்தி வருவது. அது வரவு அல்ல.

ஈபிஎப் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். அந்தக் காசு வருகிற செய்தி சபைக்கு முன்பே தெரிந்துவிடும், நெருக்கமும் தொடங்கிவிடும். கணக்கைத் தெளிவாக வைத்திருங்கள். மாதாமாதம் ஈபிஎப் கழிக்காத முழுச் சம்பளத்துக்குக் கொடுத்து வந்தவர், தன் 8 வீதத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். தோட்டம் போட்ட 12 வீதமும் வட்டியும்தான் அவருக்குப் புதிய வரவு. கட்டிய தவணைகளில் நூற்றுக்கு நாற்பது இப்படிக் கழிந்துவிடும். கழித்துக் கொடுத்து வந்தவருக்கு முழுவதும் புதிய வரவு. எப்படியானாலும் அதுதான் முதுமைக்கான சோறு, மருந்து, கூரைத்தகரம் எல்லாம். காசு கைக்கு வருமுன்பே, வீட்டில் உட்கார்ந்து, எவ்வளவு என்று முடிவெடுத்துவிடுங்கள். கூட்டத்தில் கை உயர்த்தி முடிவெடுக்க வேண்டாம்.

மாதம் 3,000 என்று நிலையான தொகையை வாக்குக் கொடுப்பது இன்னொரு பிழை. மழையாலும் கொழுந்துக் குறைவாலும் அரைப்பேர் விழுந்து 15 பேரோடு மாதம் முடிந்தால் சம்பளம் 20,250. அப்போது 3,000 என்பது ஏறக்குறைய 15 வீதம். தோட்டத்துக்குப் பொருந்துவது பேருக்கு இவ்வளவு என்று வைப்பதுதான். ஒரு பேருக்கு 40 ரூபாய் என்றால் 22 பேருக்கு 880, 15 பேருக்கு 600. 'வரவுக்குத் தக்கதாக' என்று பவுல் எழுதியதற்கு இதைவிட நெருங்கிய வழி எனக்குத் தெரியவில்லை. சம்பள நாளன்றே தனியாக எடுத்து வையுங்கள். ஞாயிறு காலையில் மிச்சத்தைத் தேடினால் மிச்சம் இருக்காது.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. 300 கிலோ கரட் 150 ரூபாய்க்குப் போனால் 45,000. விதை, உரம், மருந்து, கூலி, லொறி, கொமிசன் எல்லாம் 33,000 என்றால் வருமானம் 12,000. 45,000க்குக் கொடுத்தால் 4,500 போகும், அதாவது கையில் நின்றதில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் கடன் எடுப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை சில. கடைக்காரர் பற்றுக் கொப்பியில் உங்கள் பெயர் இருக்கும்போது கவர் தடிப்பாக இருப்பது சாட்சிக்கு நல்லதல்ல. அந்தக் கடைக்காரர் அநேகமாக வேறு மதத்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர். தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் 'கொர்பான்' என்று ஆலயத்துக்கு நேர்ந்துவிடுவதை இயேசு மாற்கு 7:9–13இல் கண்டித்திருக்கிறார். வயதான அம்மாவின் பிரஷர் குளிசைக் காசு காணிக்கைக்கு முந்தியது. புருஷன் கோயிலுக்கும் மனைவி சபைக்கும் போகிற வீடுகள் நம்மிடம் நிறைய. அங்கே ஒளித்துக் கொடுப்பது எப்படியும் ஒருநாள் வெளிவந்து சண்டையாகும். சம்பளத்துக்குப் புறம்பான தன் கைக்காசு வேலையில் வந்ததிலிருந்து, அவருக்குத் தெரிய, சிறிதாகக் கொடுப்பது பாதுகாப்பு. மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்பும் காசுக்கு முடிவெடுக்க வேண்டியவள் மகள்.

சபையின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. போதகரின் குடும்பம் சபையாரின் நடுத்தரக் குடும்பம் வாழ்கிற அளவில் வாழ என்ன வேண்டும்? பத்துக் குடும்பம் பத்து வீதம் கொடுத்தால் ஒரு குடும்ப வருமானம் சேரும். இருபது குடும்பம் என்றால் 5 வீதம் போதும், இருபத்தைந்து என்றால் 4, ஐம்பது என்றால் 2. அதற்குமேல் வாடகை, கரண்ட், பஸ் காசு, ஏழைகளுக்கான ஒதுக்கம். இருபத்தைந்து குடும்பச் சபை இவற்றையெல்லாம் சேர்த்தாலும் 6 அல்லது 7 வீதத்தில் நிற்கலாம். அதற்குமேல் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். எட்டுக் குடும்பம் மட்டும் இருக்கிற சபையில் பத்து வீதமும் போதாது. அங்கே போதகர், கூடாரம் செய்த பவுலைப்போல வேலை செய்ய வேண்டும், அல்லது இரண்டு தோட்டத்துச் சபைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். நம் பழைய தோட்டச் சபைகள் பலவற்றுக்கு இந்தக் கணக்குப் போடும் பழக்கம் வராததற்குக் காரணம் உண்டு. 1854இல் தோட்டத் தமிழருக்காகத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கு வெள்ளைக்காரத் துரைமாரின் சந்தா இருந்தது. உபதேசியாரின் சம்பளத்தைப் பற்றித் தொழிலாளி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

காசைக் கையாளுவதில் பவுல் காட்டிய கவனம் தசமபாக வசனங்களைவிடக் குறைவாகவே பிரசங்கிக்கப்படுகிறது. 2 கொரிந்தியர் 8:20–21இல், தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லாதபடி, தன்னோடு வேறு சகோதரரையும் சேர்த்தே அதை அனுப்புவதாக எழுதுகிறார். இதை நம் சபையில் செய்வது கடினமல்ல. உறவினர் அல்லாத இருவர் ஆராதனை முடிந்ததும் அங்கேயே எண்ண வேண்டும். நோட்டுகளின் வகை வகையாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணுவதில்தான் முதல் சந்தேகம் பிறக்கிறது. கவரில் பெயருக்குப் பதில் இலக்கம் போடலாம். இலக்கப் பட்டியல் பொருளாளரிடம் மட்டும். யார் எவ்வளவு என்று போதகருக்குத் தெரியாமலிருப்பது போதகருக்கே நல்லது. வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தில். போதகரின் சொந்தக் கணக்குக்கோ தொலைபேசிக்கோ அனுப்பச் சொன்னால் அது சபைக்குக் கொடுப்பதல்ல, அவருக்குக் கொடுப்பது. தெரிந்து கொடுத்தால் சரி. போதகரின் மனைவி பொருளாளராக இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நேர்மையானவராயிருந்தாலும். காணி வாங்கினால் உறுதி யார் பெயரில் என்று எழுத்தில் பாருங்கள். போதகரின் பெயரில் எழுதினால் அவருக்குப் பின் பிள்ளைகள் கேட்பார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். வரவுசெலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவில் ஒட்டினால் போதும், ஒரு பக்கம் வரும்.

கொடுத்தவர் பெயரை வாசிப்பது, கொடுக்காதவருக்கு ஞானஸ்நானத்தையோ கல்யாணத்தையோ அடக்க ஆராதனையையோ தாமதிப்பது, இவையெல்லாம் வரிவசூல். அப்படி நடக்கிற இடத்தில் தனியாளாகச் சண்டை போட வேண்டாம். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து, வருடாந்தக் கூட்டத்துக்கு முன்பே, கணக்கைக் காட்டும்படி ஒரு கடிதம் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சபை ஒரு பெரிய சபையின் கீழ் இருந்தால் அதன் மேலிடத்துக்கும் ஒன்று. காட்டாவிட்டால் காணிக்கையை நிறுத்தாமல் திசையை மாற்றலாம்: போதகர் வீட்டுக்கு அரிசி, பக்கத்து லயத்து விதவைக்கு மளிகைச் சாமான், பிள்ளைக்குக் கொப்பி, சபையின் கரண்ட் பில்லை நேரே கவுண்டரில் கட்டி ரசீதைப் பொருளாளரிடம் கொடுப்பது.